கரண்டி பிடித்த கைகளுக்கு

அன்புள்ள மேஸ்திரிமார்களே, கொத்தனார் அண்ணன்மார்களே, சித்தாள் அக்காமார்களே,

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் விடிகாலையில் தூக்குச்சட்டியோடு பஸ் ஏறுகிறவர்களுக்கும், மலைக்கு மேலே மூணாறு, பூப்பாறை, குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கம் சாரலுக்குள் நின்று சுவர் எழுப்புகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். என் அப்பா சித்தூர் தாலுக்காவில் கரண்டி பிடித்தவர். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

‘பேக்கர் மாடல் வீடு வேணும்’ என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். கையில் போன், போனில் ஒரு படம். பூசாத செங்கல், வளைந்த சுவர், பொத்தல் பொத்தலாக ஒரு சாளரம். படத்தைக் காட்டி ‘இதே மாதிரி’ என்கிறார்கள். நீங்களும் கான்கிரீட் தூண் நிறுத்தி, சுவர் கட்டி, பூசி, அதன்மேல் செங்கல் நிறத்தில் டைல் ஒட்டிக் கொடுக்கிறீர்கள். மலைமேல் இருக்கிற ரிசார்ட்டுகளில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறவில்லை. அந்த மனிதர் எதைக் குறைக்க வாழ்நாள் முழுதும் பாடுபட்டாரோ, அதன்மேல் இன்னொரு செலவை ஏற்றி அவர் பெயரையே அதற்கு வைக்கிறோம். அவர் விட்டுப்போனது உங்கள் கைக்கான வேலை. அதை உங்களிடம் ஒப்படைக்கத்தான் இந்த மடல்.

லாரன்ஸ் வில்பிரட் பேக்கர் 1917 மார்ச் 2 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தார். அங்கேயே கட்டடக் கலை படித்தார். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்; அவர்கள் ஆயுதம் எடுக்க மாட்டார்கள். இரண்டாம் உலகப்போர் வந்தபோது துப்பாக்கி பிடிக்க மறுத்து, ஆம்புலன்ஸ் அணியில் சேர்ந்து சீனாவுக்குப் போய் நோயாளிகளைக் கவனித்தார். ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காக பம்பாயில் சில மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. அப்போதுதான் காந்தியைச் சந்தித்தார். வீணான துணியில் செய்த சீனத்துச் செருப்பை அவர் போட்டிருந்ததைக் காந்தி கவனித்து விசாரித்தாராம். ஒரு வீட்டைக் கட்ட ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கிற பொருளே போதும் என்று காந்தி சொன்னதை பேக்கர் கடைசிவரை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1945ல் தொழுநோயாளிகளுக்கான மிஷனின் கட்டடக் கலைஞராக இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். 1948ல் எலிசபெத் ஜேக்கப் என்ற மலையாளி டாக்டரைத் திருமணம் செய்துகொண்டார். இருவரும் இமயமலையில் பித்தோராகட் பக்கம் போய் ஏறத்தாழ 16 வருடம் தங்கிவிட்டார்கள். எலிசபெத் வைத்தியம் பார்த்தார்; இவர் கட்டடம் கட்டினார், வைத்தியத்துக்கும் கை கொடுத்தார். பர்மிங்காமில் படித்த படிப்பு அந்த மலையில் பாதிக்குமேல் உதவவில்லை. எந்தக் கல்லை எப்படி அடுக்குவது, சுவரில் மண்ணை எப்படி நிறுத்துவது, பனிக்கு எந்தப் பக்கம் வாசலை மூடுவது என்பதெல்லாம் அந்த ஊர்க் கொத்தர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பட்டம் வாங்கிய ஒருவர் கரண்டி பிடித்தவரிடம் பாடம் கேட்டது சாதாரண விஷயமில்லை. நம் சைட்டுகளில் இஞ்சினீயர் காரிலிருந்து இறங்கி ஐந்து நிமிஷம் நின்று போகிற காட்சியைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இதன் அருமை தெரியும்.

1963ல் அவர்கள் வந்து சேர்ந்த இடம் வாகமண். ஆம், பீர்மேட்டுக்கு அந்தப் பக்கம், புல்மேடுகளின் ஊர். அப்போது இடுக்கி என்றொரு மாவட்டமே கிடையாது. 1972 ஜனவரி 26 அன்றுதான் அது உருவானது. பீர்மேடு அதுவரை கோட்டயத்தோடு இருந்தது. அந்த மலையிலும் மருத்துவம், கட்டடம் என்று அதே வாழ்க்கை தொடர்ந்தது. பிறகு அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் திருவனந்தபுரத்துக்கு இறங்கினார்கள். உலகம் அறிந்த பேக்கர் அங்கேதான் உருவானார். ஆனால் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு, மழையும் காற்றும் சரிவும் கேரளத்தில் எப்படியிருக்கும் என்று முதலில் காட்டியது உங்கள் மலைதான். வாகமண் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கொஞ்சம் வெளியே போய் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேக்கர் பிறப்பதற்கு நூறு வருடம் முன்பிருந்தே ஐரோப்பாவில் கட்டடக் கலைஞர்களை ஒரு கேள்வி பிடித்து ஆட்டியது: எங்கள் நாட்டுக்கென்று உள்ள பாணி எது? ஹங்கேரியில் ஃப்ரிட்யெஷ் ஃபெஸ்ல் என்று ஒருவர் இருந்தார். 1821ல் பெஸ்ட் நகரில் பிறந்தவர். 1849ல் ஹங்கேரியர்கள் ஆஸ்திரிய அரசை எதிர்த்து நடத்திய விடுதலைப் போரின்போது, டான்யூப் ஆற்றங்கரையில் இருந்த நடன மாளிகை குண்டுவீச்சில் அழிந்தது. போரிலும் தோற்றுப்போனார்கள். அதே இடத்தில் புது மாளிகை எழுப்பும் வேலை ஃபெஸ்லிடம் வந்தது. 1859ல் தொடங்கி 1865ல் திறக்கப்பட்ட அதன் பெயர் விகாடோ. தோற்ற நாட்டின் மனசை அவர் அந்தச் சுவரில் ஏற்றினார். ஹங்கேரியச் சட்டைகளில் தைக்கிற கயிற்றுப் பின்னலைக் கல்லில் செதுக்க வைத்தார். வளைவுகளைக் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் எடுத்துக் கலந்தார். அக்காலத்தவர் பலருக்கு அது பிடிக்கவில்லை. அதற்கு இணையான பெரிய வேலை எதுவும் பிறகு அவருக்குக் கிடைக்காமலேயே 1884ல் இறந்துபோனார். அவருக்குப் பின்வந்த எடென் லெக்னர் இன்னும் ஒருபடி மேலே போய், புடாபெஸ்டில் 1896ல் திறந்த அலங்காரக் கலை அருங்காட்சியகத்துக்கு நம் இந்திய வளைவுகளையே துணைக்கு அழைத்துக்கொண்டார்.

இங்கேயும் அப்படி ஒருவர் இருந்தார். ராபர்ட் சிஸ்ஹோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டியவர். 1880ல் முடிந்த திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகமும் அவர் வடிவமைத்ததே. மலையாளக் கரையின் கூர்மாடக் கூரைகளைப் பார்த்து மயங்கி, அவற்றைத் தன் கட்டடத்தில் வைத்தார். ஃபெஸ்லையும் சிஸ்ஹோமையும் நான் மதிக்கிறேன். ஒரு மக்களின் முகம் அவர்கள் கட்டடத்தில் தெரிய வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தவர்கள். ஆனால் அவர்கள் எழுப்பியவை மாளிகையும் மன்றமும் அருங்காட்சியகமும். செலவுக்கு அரசும் நகரமும் இருந்தன. கல் செதுக்கியவன் போய்ப் படுத்த வீடு எப்படியிருந்தது என்பது அந்தக் கேள்விக்குள் வரவேயில்லை. பேக்கரின் வேலை அந்த வீட்டிலிருந்து தொடங்குகிறது. அதனால்தான் அவரை அவர்களையெல்லாம்விட மேலே வைக்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம்.

ஒன்பது இஞ்சு சுவரைச் செங்கல்லைப் படுக்கப் போட்டுக் கட்டுகிறோம். பேக்கர் கல்லை விளிம்பில் நிறுத்திக் கட்டச் சொன்னார். வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று, நடுவில் மூன்று இஞ்சு வெற்றிடம். அடுத்து குறுக்கே ஒரு கல். எலிப்பொறிக் கட்டு என்கிறோமே, அதுதான். ஒன்பதுக்கு நாலரைக்கு மூன்று இஞ்சு கல்லை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓரடி நீளம், நாலரை இஞ்சு உயரத்துக்குப் பழைய கட்டில் நான்கு கல் அளவு போகும் இடத்தில் இதில் மூன்று போகிறது. நாலில் ஒரு பங்கு கல் மிச்சம். கலவையும் குறைகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெயிலை உள்ளே விடாமல் தடுக்கிறது. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு மேற்குச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தக் கட்டு கவனக்குறைவைப் பொறுக்காது. கலவையை வெற்றிடத்துக்குள் கொட்டிவிட்டால் பலன் போச்சு. மூலையிலும் கதவு, சன்னல் ஓரத்திலும் கல்லைக் கெட்டியாகப் போட வேண்டும். அடி வரியும் மேல் வரியும் வெற்றிடமில்லாமல் இருக்க வேண்டும். ஆகவே இதைச் செய்யத் தெரிந்த கொத்தனாருக்குக் கூலி கூடுதலாகக் கேட்கலாம்; கேட்க வேண்டும். கல்லிலும் சிமெண்டிலும் மிச்சமாகிற பணம் உழைக்கிற கைக்குப் போவதைத்தான் பேக்கரும் விரும்பினார்.

கல்லை மிச்சம் பிடிப்பது பணத்துக்காக மட்டுமில்லை. நம் எல்லைக்கு அப்பால், கோவையை ஒட்டிய தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை ஆள் உயரத்துக்கும் மேலே தோண்டி எடுத்த சூளைகள் 2021ல் மூடப்பட்டது உங்களுக்குத் தெரியும். யானை நடந்த வழியெல்லாம் குழியாகிக் கிடக்கிறது. இந்தப் பக்கம் வயல்மண்ணை எடுக்கவும் கேரளத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. ஒவ்வொரு செங்கல்லும் யாரோ ஒருவரின் நிலம், யாரோ வெட்டிய விறகு. அந்த விறகுக் கணக்கை பேக்கர் எப்போதும் போட்டுப் பார்த்தார். சிமெண்டும் கம்பியும் அதைவிட எவ்வளவோ எரிபொருளைத் தின்கின்றன என்பதால்தான், அவசியமான இடம் தவிர மற்ற இடத்தில் அவற்றைத் தொடாதே என்றார்.

கூரைக்கு வருகிறேன். கான்கிரீட் தளத்தில் மேல்பாதிதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்பாதியில் வேலை செய்வது கம்பி. கம்பிக்கு நடுவே கீழே கிடக்கிற கான்கிரீட் பெரும்பாலும் வெறும் பாரம். அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை இரண்டிரண்டாக வைத்துக் கான்கிரீட் போட்டார். இடிக்கிற ஓட்டு வீடுகள் பாலக்காட்டில் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. அந்த ஓடு சும்மா போகிறது. தளத்தின் பாரம் குறைகிறது, வெக்கை குறைகிறது, கீழேயிருந்து பார்த்தால் ஓட்டின் சிவப்பு வரிசையாகத் தெரிகிறது. ஆனால் கம்பி எந்த இடைவெளியில், எந்த அளவில் என்பதை விவரம் தெரிந்த இஞ்சினீயர் எழுதித் தர வேண்டும். இதில் மட்டும் கண்மதிப்பு வேண்டாம்.

சின்னச் சின்னதாக அவர் சொன்னவைதான் என்னை அதிகம் தொடுகின்றன. கடைக்கால் தோண்டும்போது மண்ணை வெளியே வீசுகிறோம். அப்புறம் அதே மண்ணைத் தரை நிரப்ப உள்ளே சுமக்கிறோம். முதலிலேயே உள்பக்கமாகப் போடு என்றார். யார் தலையில் அந்தச் சட்டி ஏறுகிறது? சித்தாள் அக்காவின் தலையில். ஒரே மண்ணை இரண்டு தடவை சுமக்கிற பாவத்தை ஒரு படம் வரைந்து தீர்த்து வைத்த கட்டடக் கலைஞர் வேறு யார்? இன்னொன்று: ஒன்றரை அடி கருங்கல் அடிமானத்தின் நட்டநடுவில் ஒன்பது இஞ்சு சுவரை வைப்பதால் வெளியே ஒரு படி போல நிற்கிறது, மழைத்தண்ணீர் அதில் தேங்கி உள்ளே இறங்குகிறது. சுவரை வெளி விளிம்போடு ஒட்டி வை, தண்ணீர் வழிந்து போய்விடும் என்றார். காசில்லாத மாற்றம்.

வட்டச் சுவரும் அலங்காரத்துக்காக வந்ததில்லை. பத்துக்குப் பத்து அறைக்கு 40 அடி சுவர் வேண்டும். அதே பரப்பை வட்டமாக வளைத்தால் முப்பத்தைந்தரை அடி போதும். சன்னல் ஒன்றுக்கு ஆகும் செலவு அந்த இடத்தில் சுவர் வைப்பதைப்போலப் பல மடங்கு. ஆகவே வெளிச்சமும் காற்றும் மட்டும் தேவைப்படும் இடத்தில் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கிச் சல்லடையாக்கினார். கதவுக்கும் சன்னலுக்கும் மரச்சட்டம் கட்டாயமா என்று கேட்டார். சன்னலுக்கு ஒரு பலகை, மேலும் கீழும் ஒரு முளை, திறந்து மூடினால் போதும் என்றார். லிண்டல் கான்கிரீட்டுக்குப் பதில் வளைவு. அந்த வளைவை உங்கள் தாத்தாக்கள் கண்ணை மூடிக்கொண்டு கட்டினார்கள்.

இதையெல்லாம் அவர் தடித்த புத்தகமாக எழுதவில்லை. சின்னச் சின்னக் கையேடுகளாக, தன் கையாலேயே படம் போட்டு, தன் கையெழுத்திலேயே எழுதினார். வாசிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். பெரிய அலுவலகம் வைத்துக்கொள்ளாமல், கிடைத்த காகிதத் துண்டில் வரைந்து, சைட்டில் கொத்தனார்களோடு நின்றே கட்டினார்.

திருவனந்தபுரம் போக வாய்த்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தியன் காபி ஹவுஸ். சுருளாக மேலேறும் செங்கல் கட்டடம். படியே இல்லாமல் சரிவாகவே ஏறிப்போகலாம், மேஜைகளும் கூடவே ஏறுகின்றன. ஒரு காபி வாங்கிக்கொண்டு சுவரில் உள்ள பொத்தல்களையும் கல் வரியையும் நிதானமாகப் பாருங்கள்; யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். இன்னொன்று அதே நகரில் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கிற வளர்ச்சி ஆய்வு மையம். பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் கேட்டுக்கொள்ள, 1971 வாக்கில் பேக்கர் தொடங்கிய வேலை. மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்துக்கொண்டு போயிருக்கிறார். சல்லடைச் சுவர் வழியே காற்று வந்துகொண்டேயிருக்கிறது. படித்தவர்கள் உட்காரும் அந்தக் கட்டடமும் குடிசை மாற்றிக் கட்டிய வீடும் ஒரே செங்கல், ஒரே கட்டு.

அச்சுத மேனோன் முதலமைச்சராக இருந்தபோது கேரளத்தில் ஏழைகளுக்கான வீடு பெரிய பேச்சானது. பதவிவிட்டு இறங்கிய பிறகும் அவர் அதை விடவில்லை. அவரும் ராஜும் பேக்கரும் டி. ஆர். சந்திரதத்தும் சேர்ந்து 1985ல் திருச்சூரில் காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பாலக்காட்டிலிருந்து திருச்சூர் பஸ்ஸில் எட்டிப் பிடிக்கும் தூரம். அங்கே இந்த வேலையைக் கற்ற கொத்தனார்கள் இருக்கிறார்கள். பேக்கர் இந்தியக் குடியுரிமை பெற்றார், 1990ல் பத்மஸ்ரீ பெற்றார், 2007 ஏப்ரல் 1 அன்று தொண்ணூறு வயதில் திருவனந்தபுரத்திலேயே இறந்தார்.

சரி, நமக்கும் இதற்கும் இப்போது என்ன அவசரம்? கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்தில் வீட்டுக்குப் பொதுவாக 4 லட்சம் கிடைக்கிறது. அதை நம்பித் தொடங்கி, லிண்டல் மட்டத்தில் நிற்கும் வீடுகளை நீங்கள் எண்ணிப் பார்த்திருப்பீர்கள். கழுத்துச் சங்கிலி வட்டிக்கடைக்குப் போய், அதற்குப் பிறகும் பூச்சு மிச்சமிருக்கும். பூச்சே வேண்டாம் என்று முதல் நாளிலேயே அவர்களிடம் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். வீட்டுக்காரர் இஞ்சினீயர் பேச்சைக் கேட்கிறாரோ இல்லையோ, தன் மேஸ்திரி பேச்சைக் கேட்பார். ‘பூசாவிட்டால் வேலை முடியாத வீடு என்று ஊர் சொல்லுமே’ என்பார்கள். ஊர் சொல்லும்தான். வெளுத்த கல்லைத் தள்ளி நல்ல சுட்ட கல்லாகப் பொறுக்கி, வரி பிசகாமல் கட்டி, மூட்டுகளைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டால், ஊர் வாயை உங்கள் வேலையே அடைக்கும்.

ஒரே படம் இரண்டு ஊருக்கும் ஒத்துவராது. கணவாய் வழியே வருகிற கீழ்க்காற்று மார்கழி, தையில் புழுதியோடு வீசும். பாலக்காட்டுப் பக்கம் கிழக்குச் சல்லடையின் பொத்தல் சின்னதாக இருக்கட்டும். மலையில் சாரல் குறுக்கே அடிக்கும். கூரை இரண்டடியாவது வெளியே நீள வேண்டும், இல்லையென்றால் பூசாத சுவர் பாசி பிடிக்கும். சரிவில் கட்டும்போது வீட்டின் நீளவாட்டம் மலையின் மட்டக்கோட்டோடு போக வேண்டும் என்று பேக்கர் படம் போட்டே சொல்லியிருக்கிறார். குறுக்கே வெட்டினால் வெட்டும் கூடும், நிரப்பும் கூடும். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை இறங்கி லயங்களை மூடியது. 70 பேர். பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளிக் குடும்பங்கள். அந்த இடத்தில் எந்தக் கட்டும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. ஆகவே ஜேசிபி வந்து மலையைச் செங்குத்தாக வெட்டி மனை தருகிறேன் என்கிற இடத்தில் கடைக்கால் எடுக்க மறுப்பதும் உங்கள் தொழிலில் சேர்ந்ததுதான்.

சித்தாள் அக்காமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குடும்பஸ்ரீ வழியாகக் கேரளத்தில் பெண்கள் கொத்து வேலை கற்று முழு வீட்டையே கட்டியிருக்கிறார்கள். இருபது வருடமாகக் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுத்த உங்களுக்குக் கலவையின் பதம் எந்த மேஸ்திரிக்கும் குறையாமல் தெரியும். மேஸ்திரிமார்களே, அடுத்த சைட்டில் ஒரு உள்சுவரையாவது அவர்கள் கட்டட்டும். நீங்கள் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள்.

எலிப்பொறிக் கட்டு இதுவரை போட்டிராதவர்கள் முதலில் ஒரு காம்பவுண்டு சுவரிலோ மாட்டுக்கொட்டகையிலோ போட்டுப் பழகுங்கள். பத்தடி கட்டினால் கை பிடிபட்டுவிடும். கட்டிய பிறகு எத்தனை கல் மிஞ்சியது என்று வீட்டுக்காரர் கண்முன்னேயே எண்ணிக் காட்டுங்கள். கற்றுக்கொண்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களை அழைத்துப்போய்க் காட்டுங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அப்படி ஒரு சுவர் எழும்பினால் எனக்கும் சொல்லியனுப்புங்கள், நான் வருகிறேன்.

அன்புடன்,
சித்தூர் தாலுக்காவிலிருந்து
ஒரு கொத்தனாரின் பிள்ளை